காக்கிக்குள் கைகொடுக்கும் அக்காக்கள்... தெரியுமா?

1910-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டிராம் வண்டி ஏறிய ஒரு பெண்மணி கண்டக்டரிடம் போலீஸ் பேட்ஜைக் காட்டினார். போலீஸ்காரர்களுக்கு அங்கே டிராமில் டிக்கெட் கிடையாது. கண்டக்டரோ நம்பவில்லை. வீட்டுக்காரருடைய பேட்ஜை எடுத்துவந்து ஓசியில் போகப் பார்க்கிறார் என்று அந்த அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்!

பேட்ஜ் அவருடையதேதான். ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் என்று பெயர். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையில் பதவி ஏற்றிருந்தார். இந்தத் தொல்லையைத் தீர்க்க, ‘பெண் காவலர் எண் 1’ என்று பொறித்த தனி பேட்ஜையே துறை அவருக்குச் செய்து கொடுத்தது. சீருடை? பெண்ணுக்கென்று ஒன்று இருந்தால்தானே! தானே வடிவமைத்து, தானே தைத்து உடுத்திக்கொண்டார்.

அதன் பிறகு அவர் செய்த காரியம் தெரியுமா? கிடைத்த வேலையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. ஊர் ஊராகப் போய், பெண்களைப் போலீசில் சேருங்கள் என்று பேசினார். சேர்ந்து ஐந்தே ஆண்டில், 1915-ல், பெண் போலீசாருக்கென்று ஒரு சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கித் தலைவராகவும் ஆனார். நாடு முழுக்கத் தேடினால்கூடக் கொஞ்சம் பெண்களே போலீசில் இருந்த காலம் அது! அந்தச் சங்கம் 1930-களில் ஓய்ந்தது. 1956-ல் சர்வதேசப் பெண் போலீஸ் சங்கமாக மறுபிறவி எடுத்தது. இன்றும் உலகம் முழுவதிலுமிருந்து பெண் போலீசார் ஆண்டுதோறும் கூடி, ஒருவருக்கொருவர் தொழில் சொல்லிக் கொடுக்கும் இடம் அது.

அதே 1915-ல் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் கேளுங்கள். இங்கிலாந்தின் கிரந்தம் என்ற ஊரில் எடித் ஸ்மித் என்பவர் போலீஸ் ஆனார். பிரிட்டனில் முழுக் கைது அதிகாரத்தோடு நியமிக்கப்பட்ட முதல் பெண். கணவரை இழந்தவர், பிரசவம் பார்க்கும் தாதியாக இருந்தவர். முதல் உலகப் போர்க் காலம். ஊரைச் சுற்றி ராணுவ முகாம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. மாற்றி விட இன்னொரு பெண் கிடையாது, யோசனை கேட்க மூத்தவர் கிடையாது. 1918-ல் உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். 1923-ல் இறந்தும் போனார்.

இந்த இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. துணிச்சலில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். ஒருவர் தன்னைப் போன்றவர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டார். இன்னொருவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. லத்தியும் சட்டப் புத்தகமும் அரசாங்கம் தரும்; துறையில் நிலைத்து நின்று மேலே ஏறுவதற்கு, முன்னால் போன ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கை நீட்ட வேண்டும். உலகம் முழுவதும் பெண் போலீஸ் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கை நீட்டியவர் எப்போதும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தெரியுமா? அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரப் போலீசில் பெட்டி பிளாங்கன்ஷிப், எலிசபெத் காஃபல் என்று இரண்டு பேர். பயிற்சிக் காலத்திலேயே, எங்களை ரோந்துக் காரில் அனுப்புங்கள் என்று தங்கள் சார்ஜென்டை நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் தலைமைப் பதவிக்கு வந்தால் அனுப்புகிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்தார். உண்மையிலேயே தலைமைப் பதவிக்கு வந்தார். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார்! 1968-ல் ‘கார் 47’ சாலையில் இறங்கியது. அமெரிக்காவில் ஆண்களைப் போலவே ரோந்துப் பணிக்கு அனுப்பப்பட்ட முதல் பெண்கள் இவர்கள். சீருடை பாவாடைதான், துப்பாக்கி கைப்பைக்குள்! வாக்குத் தவறாத அந்த மனிதரின் பெயரைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: வின்ஸ்டன் சர்ச்சில்!

எல்லா ஊரிலும் சர்ச்சில் கிடைப்பாரா? நியூயார்க்கில் கிடைக்கவில்லை. 1942-லிருந்து அங்கே போலீஸாக இருந்த ஃபெலிசியா ஷ்பிரிட்சர், 1961-ல் சார்ஜென்ட் தேர்வு எழுத விண்ணப்பித்தார். பெண்கள் எழுதக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். தேர்வில் தோற்றவர் அல்லர். தேர்வு அறைக்குள்ளேயே விடப்படாதவர்! வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1964-ல் தேர்வு நடந்தபோது நியூயார்க் நகரின் பெண் போலீசார் 126 பேர் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தட்டிய கதவில் 126 பேர்! 1965 மார்ச்சில் ஷ்பிரிட்சரும் கெர்ட்ரூட் ஷிம்மெலும் நகரத்தின் முதல் பெண் சார்ஜென்ட்கள் ஆனார்கள். ஷிம்மெல் 1971-ல் கேப்டனாகவும் உயர்ந்தார். பின்னால் வருகிறவர்களுக்காக ஒருவர் நீதிமன்றப் படி ஏறியதும் வழிகாட்டல்தான் என்பது என் துணிபு.

பெண்ணால் ரோந்து வேலை பார்க்க முடியுமா என்று யாராவது இன்னும் கேட்டால், அவர்களுக்கு ஒரு கணக்கு. வாஷிங்டன் நகரில் 1970-களின் தொடக்கத்திலேயே ஓர் ஆய்வு நடந்தது. புதிதாகச் சேர்ந்த 86 பெண்கள், அதே நேரத்தில் சேர்ந்த 86 ஆண்கள். ஒரே வகை வேலையில் விட்டுப் பார்த்தார்கள். 1974-ல் அறிக்கை வந்தது: பெண்கள் ரோந்துப் பணிக்குத் தகுதியானவர்களே, வேலையைத் திறமையாகச் செய்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன்பே தீர்ந்த கேள்வி இது!

அப்படியானால் பெண்கள் ஏன் திணறுகிறார்கள்? இதற்கு விடை சொன்னவர் ரோசபெத் மோஸ் கேன்டர் என்ற சமூகவியலாளர். 1977-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் போலீசைப் பற்றியதே அல்ல, ஒரு பெரிய வணிக நிறுவனத்தைப் பற்றியது. ஆனாலும் அவர் சொன்னது காக்கிக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஓர் அமைப்பில் ஒரு பிரிவினர் ஏறத்தாழ 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அவர்களை யாரும் தனி மனிதராகப் பார்ப்பதில்லை. தங்கள் இனத்தின் மாதிரிப் பொருளாகத்தான் பார்க்கிறார்கள். ஆண் எஸ்.ஐ. ஒருவர் தப்புச் செய்தால் அது அவர் தப்பு. பெண் எஸ்.ஐ. செய்தால், பொம்பளைங்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்ற தீர்ப்பு! ஒவ்வொரு நாளும் ஒட்டுமொத்தப் பெண்ணினத்தின் மானத்தையும் தோளில் சுமந்துகொண்டு டியூட்டி பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் நாட்டுக் கணக்குக்கு வாருங்கள். போலீசில் பெண்கள் 33 சதவீதம் இருக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்திப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. 2023 தொடக்கத்தில் நாடு முழுவதும் சேர்த்து இருந்தது சுமார் 12 சதவீதம். கேன்டர் சொன்ன கோட்டுக்கும் கீழே! தமிழ்நாடு இதைவிட மேலே இருக்கிறது, நேரடித் தேர்வில் 30 சதவீத இடங்கள் பெண்களுக்கு. ஆனால் நாட்டின் பல காவல் நிலையங்களில் இன்றும் ஒன்றோ இரண்டோ பெண்கள்தான். அந்த ஒருத்திக்கு அடுத்த மேசையில் ஓர் அக்கா கிடையாது. வெளியிலிருந்துதான் கொண்டுவந்து தர வேண்டும். வழிகாட்டல் திட்டம் என்று ஒன்று தேவைப்படுவதே இதனால்தான்.

இந்த ஒருத்திக்கு வரும் வேலையோ ஒருத்தியால் தாங்கக்கூடியது அல்ல. சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் பெண்தான் சோதனையிட வேண்டும். சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில்கூடப் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தை முடிந்தவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். எவ்வளவு நல்ல சட்டங்கள்! ஆனால் இவற்றின் பாரம் முழுக்க இறங்குவது அந்த 12 சதவீதத்தின் தலையில். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது போன் வரும். போவார். நாலு வயதுக் குழந்தை சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு வீட்டுக்கு வந்து தன் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும். கேட்டதை யாரிடம் இறக்கி வைப்பார்? கணவரிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதே வேலையைப் பத்து வருஷம் செய்த இன்னொரு பெண்ணிடம் மட்டும்தான் முடியும்.

நம் நாட்டு முன்னோடிகளுக்கு அந்த ஒருத்திகூட இல்லை. 1972-ல் கிரண் பேடி ஐ.பி.எஸ். பயிற்சிக்குப் போனபோது தேசிய போலீஸ் அகாடமி ராஜஸ்தானின் மவுன்ட் அபுவில் இருந்தது. அவர் தொகுதியில் அவர் ஒருவரே பெண். மலை உச்சியில், அத்தனை ஆண்களுக்கு நடுவே, முன்மாதிரி என்று சொல்ல ஒரு முகம் இல்லாமல்! அகாடமி 1975-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. 2014-ல் அதன் முதல் பெண் இயக்குநராக அருணா பகுகுணா பொறுப்பேற்றார். பயிற்சி பெறும் ஒற்றைப் பெண்ணாக ஒருவர் நுழைந்த நிறுவனத்தில், 42 ஆண்டுகளில் எல்லோருக்கும் பயிற்சி தரும் நாற்காலியில் ஒரு பெண்!

உலகத்துக்கே நாம் முன்னால் போன ஒரு விஷயமும் உண்டு. பெண்களே நடத்தும் காவல் நிலையம் என்றதும் பிரேசிலைச் சொல்வார்கள். சாவோ பாலோவில் அது 1985-ல் வந்தது. நம் கோழிக்கோட்டில் அதற்கு 12 ஆண்டு முன்பே, 1973 அக்டோபர் 27 அன்று, இந்திரா காந்தி திறந்து வைத்த மகளிர் காவல் நிலையம் செயல்படத் தொடங்கிவிட்டது!

அதே 1973-ல்தான் தமிழ்நாடு காவல் துறையிலும் பெண்கள் அடியெடுத்து வைத்தார்கள். ஒரு எஸ்.ஐ., ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தம் 22 பேர்! அவர்களுக்கு யார் வழிகாட்டி? அவர்களேதான். அடுத்த மூன்றே ஆண்டில், 1976 ஐ.பி.எஸ். தொகுதியில், தமிழ்நாட்டுக்கு இரண்டு பெண் அதிகாரிகள் கிடைத்தார்கள். ஒருவர் தருமபுரி மாவட்டத்திலிருந்து வந்த திலகவதி. இன்னொருவர் லத்திகா சரண். திலகவதி காக்கிச் சட்டையோடு பேனாவையும் விடாமல் பிடித்து, ‘கல்மரம்’ நாவலுக்காக 2005-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். லத்திகா சரண் 2006-ல் சென்னையின் முதல் பெண் போலீஸ் கமிஷனர். 2010-ல் மாநிலத்தின் டி.ஜி.பி. ஒரே தொகுதியில் இருவர் என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகிய எத்தனை கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த இருவரின் புகைப்படங்களே முதல் பாடமாக இருந்திருக்கும்!

1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இன்று மாநிலம் முழுக்க 200-க்கும் மேல். புகார் கொடுக்க வரும் பெண்களுக்கு இதனால் கிடைத்த நன்மையை எல்லோரும் பேசுகிறோம். உள்ளே வேலை பார்த்தவர்களுக்குக் கிடைத்த நன்மையை யார் பேசினார்கள்? இன்ஸ்பெக்டர் பெண், ரைட்டர் பெண், பாரா நிற்பவர் பெண். எஃப்.ஐ.ஆர். எழுதுவது முதல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது வரை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கற்றுக்கொள்ளக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் அது. ஒரு குறையையும் சொல்லியே ஆக வேண்டும். மகளிர் நிலையத்திலேயே பணிக்காலம் முழுக்கச் சுற்றி வந்தால் கொலை வழக்கு, சட்டம் ஒழுங்கு, நுண்ணறிவுப் பிரிவு என்று எதிலும் கை படாது. பதவி உயர்வு வரும்போது, உனக்கு அந்த அனுபவம் இல்லையே என்பார்கள். நல்ல வழிகாட்டி இதை முதல் வருஷத்திலேயே எடுத்துச் சொல்வார்: கேட்டு வாங்கு, குற்றப் பிரிவுக்குப் போ, பயப்படாதே!

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா. 14 ஆண்டு உள்நாட்டுப் போரில் சிதைந்த நாடு. பெண்கள் மீது நடந்த கொடுமைகளுக்கு அளவே இல்லை. அங்கே அமைதி காக்க ஐ.நா. அனுப்பிய படைகளில், 2007 ஜனவரியில் ஒரு படை விமானத்திலிருந்து இறங்குகிறது. நீல நிறத் தொப்பி, கையில் துப்பாக்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அத்தனை பேரும் பெண்கள்! ஐ.நா. வரலாற்றிலேயே பெண்களைக் கொண்டு அமைந்த முதல் போலீஸ் படைப்பிரிவு. எந்த நாட்டுக்காரர்கள் தெரியுமா? நம்மவர்கள்! மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீராங்கனைகள், தலைமை ஏற்றவர் சீமா துந்தியா.

இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். மத்திய ரிசர்வ் படை 1986-லேயே 88-ஆவது பட்டாலியனை முழுக்கப் பெண்களுக்கென்றே அமைத்திருந்தது. இருபது ஆண்டுகளாக ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைப் பழக்கி எடுத்த பலன், லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் தெருக்களில் தெரிந்தது. அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் பணிபுரிந்த அலுவலகத்துக்குக் காவல், இரவு ரோந்து, கலவரம் வந்தால் அடக்குவது என்று எல்லாம் செய்தார்கள். நேரம் கிடைத்தபோது அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவரை துப்பாக்கி பிடித்த ஆண்களைக் கண்டு ஓடி ஒளிந்த பிள்ளைகள், துப்பாக்கி பிடித்த பெண் ஒருத்தி தங்களைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்தார்கள். நாமும் சேரலாமே என்ற எண்ணம் வந்தது.

அடுத்தடுத்த அணிகள் மாறி மாறிப் போய் 2016 பிப்ரவரியில் கடைசி அணி ஊர் திரும்பியது. ஒன்பது ஆண்டுகள்! லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் 6 சதவீதமாக இருந்த பெண்கள் 17 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். உயர்வுக்குக் காரணம் இது ஒன்றே என்று சொல்லவில்லை. அந்த நாட்டு அரசும் பெண் அதிபரும் பெரும்பாடு பட்டார்கள். ஆனால் இந்தியப் பெண் போலீசார் கொடுத்த ஊக்கத்தை ஐ.நா.வே பாராட்டிப் பதிவு செய்திருக்கிறது. கேன்டர் சொன்ன அந்த 15 சதவீதக் கோட்டை லைபீரியா தாண்டிவிட்டது. நாம்?

இன்னொரு பெயரையும் மனசில் எழுதிக்கொள்ளுங்கள்: சக்தி தேவி. ஜம்மு காஷ்மீர் போலீசில் இன்ஸ்பெக்டர். ஐ.நா. பணியில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதிக்குப் போனார். அங்கே பெண் போலீஸ் என்றால் வீட்டில் எதிர்ப்பு, தெருவில் மிரட்டல், நிலையத்துக்குள் அவமதிப்பு. பதவி ஏற்ற கையோடு கொல்லப்பட்டவர்களும் உண்டு. சக்தி தேவி அங்கே என்ன செய்தார்? பெரிய ஆயுதம் எதுவும் கொண்டு போகவில்லை. பெண் போலீஸ் கவுன்சில்கள் அமையக் கைகொடுத்தார். அங்கங்கே சிதறிக் கிடந்த பெண் போலீசார் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் குறைகளைப் பேசி, மேலிடத்துக்குக் கொண்டு போக ஒரு மேடை. அவ்வளவுதான்! அதற்குத்தான் 2014-ஆம் ஆண்டின் சிறந்த பெண் போலீஸ் அமைதிக்காப்பாளர் என்ற சர்வதேச விருது அவரைத் தேடி வந்தது. நூற்றாண்டுக்கு முன் ஆலிஸ் வெல்ஸ் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த மாநாட்டு மேடையில், கனடாவின் வின்னிபெக் நகரில், நம் நாட்டு இன்ஸ்பெக்டர் அதை வாங்கினார். 2021-ல் தலிபான்கள் திரும்பியதும் ஆப்கன் பெண் போலீசார் வேலையை இழந்து உயிருக்கு அஞ்சி மறைந்து வாழும்படி ஆனது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்டை நாடுகளிலும் கண்ணை ஓட்டுவோம். வங்கதேசம் 1974-ல் 14 பெண்களோடு தொடங்கியது. 2008-ல் அங்கே பெண் போலீசாருக்கென்றே தனி வலையமைப்பு வந்துவிட்டது. 2010-ல் நிலநடுக்கத்தில் இடிந்த ஹைட்டிக்குப் பெண்கள் படைப்பிரிவையே அனுப்பினார்கள்! இன்னும் தொலைவில், பசிபிக் தீவு நாடுகளின் போலீஸ் தலைவர்கள் 2003-லேயே பெண்கள் ஆலோசனை வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு தீவிலும் சில பெண்கள்தான், ஆனால் தீவுகளைச் சேர்த்தால் ஒரு கூட்டம். என்ன அழகான யோசனை!

இலங்கையில் நடந்தது வேறு மாதிரி. 1866-ல் தொடங்கிய இலங்கைப் போலீசில் ஒரு பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபர் (டி.ஐ.ஜி.) ஆக 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிம்ஷானி ஜாசின் ஆரச்சி அந்த நாற்காலியில் அமர்ந்ததும், அவருடைய நியமனத்தை எதிர்த்து மூத்த ஆண் அதிகாரிகள் 30-க்கும் மேற்பட்டோர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. மேலே ஏறும் பெண்ணுக்குத் தட்டிக்கொடுக்க மட்டுமல்ல, துணைக்கு நிற்கவும் ஆள் வேண்டும்.

சரி, வழிகாட்டல் என்றால் நடைமுறையில் என்ன? போலீஸ் வேலையை வகுப்பறையில் மட்டும் கற்க முடியாது என்று உலகத்துக்குப் புரிந்ததே 1970-களில்தான். அமெரிக்காவின் சான் ஹோசே நகரில், புதிதாகச் சேர்ந்த காவலரின் ரோந்து வாகனம் மோதி ஒருவர் உயிர் போனது. அந்த அதிர்ச்சியில், புதியவர் ஒவ்வொருவரையும் பல வாரங்கள் அனுபவசாலியோடு ஒரே காரில் அனுப்பி, தினமும் மதிப்பிட்டுத் திருத்தும் முறையைக் கொண்டு வந்தார்கள். அது பிறகு பல நகரங்களுக்குப் பரவியது. ஆனால் அந்த முறை கற்றுத் தருவது தொழிலை. பெண் காவலருக்குத் தெரிய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறதே!

திருவிழா பந்தோபஸ்துக்குப் போனால் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்துவை. கர்ப்பமானால் என்ன மாதிரிப் பணி கேட்கலாம், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சீண்டினால் குரலை உயர்த்தாதே, கேஸ் டைரியைப் பார்த்துப் பதில் சொல். ஒருவர் தப்பாக நடந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. எஸ்.ஐ. நேரடித் தேர்வில் 20 சதவீத இடங்கள் ஏற்கெனவே துறையில் இருப்பவர்களுக்கு. நீ இன்றைக்கே படிக்க ஆரம்பி! இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் ஒரே இடத்தில் கிடைக்காது. முன்னால் நடந்த அக்காவின் வாயில்தான் கிடைக்கும்.

ஒரு முக்கியமான சூட்சுமம். வழிகாட்டி நேரடி மேலதிகாரியாக இருக்கவே கூடாது. லீவு கொடுப்பவரும், பணிப் பதிவேட்டில் குறிப்பு எழுதுபவரும் அவரே என்றால் யார் மனம் திறப்பார்? கட்டுப்பாடான துறை இது. இன்ஸ்பெக்டரைத் தாண்டி மேலே பேசினால் ஒழுங்கீனம் என்று ஆகிவிடும். அதனால் வேறு நிலையத்தில், வேறு பிரிவில் இருக்கும் மூத்த பெண்தான் பொருத்தம். பேசியது வெளியே போகக்கூடாது. பேசும் நேரம் டியூட்டி நேரமாகவே கணக்கில் சேர வேண்டும். ஓய்வு நாளில் வா என்றால் அது வழிகாட்டல் இல்லை, இன்னொரு பந்தோபஸ்து.

பெண் காவலர்களின் பாரத்தைக் குறைப்பதில் தமிழ்நாடு நல்ல அடிகள் எடுத்து வைத்திருக்கிறது, மனமாரப் பாராட்டுகிறேன். முதல்வர் செல்லும் சாலையோரங்களில் மணிக்கணக்கில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021-ல் உத்தரவு வந்தது. பெண் காவலர்களின் பொன்விழாவில், 2023 மார்ச் 17 அன்று, முதல்வர் ஸ்டாலின் ஒன்பது அறிவிப்புகள் வெளியிட்டார். காலை 7 மணி ரோல் கால் பெண்களுக்கு 8 மணி ஆனது. அந்த ஒரு மணி நேரம் என்ன பெறும் என்று, பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள எந்தத் தாயையும் கேளுங்கள்! சென்னையிலும் மதுரையிலும் தங்கும் விடுதி, குழந்தைகள் காப்பகம், பெண் காவலருக்கென்று ஆண்டு மாநாடு, பணி வழிகாட்டல் ஆலோசனை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. 2024 ஆகஸ்ட்டில் இன்னொன்று: மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலருக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்திலேயே மூன்று ஆண்டு பணி. எத்தனை ராஜினாமாக் கடிதங்களைக் கிழித்துப் போட்டிருக்கும் இந்த ஓர் உத்தரவு!

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சேரும் ஒவ்வொரு பெண் காவலருக்கும், பயிற்சிப் பள்ளியை விட்டு வெளியே வரும் அன்றே, ஒரு மூத்த பெண் அதிகாரியின் பெயரும் எண்ணும் கையில் கொடுக்கப்பட வேண்டும். ஆலோசனை வேண்டுமென்று அவள் தேடிப் போகும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் ஐந்து ஆண்டுக்காவது அது கட்டாயமாக இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பெண் அதிகாரிகளே, உங்கள் முப்பது வருஷ அனுபவத்துக்காக உங்கள் மாவட்டத்தில் ஒரு புதுக் காவலர் காத்திருக்கிறார், எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பணியில் இருக்கும் ஆண் அதிகாரிகளே, உங்கள் நிலையத்துப் பெண் காவலரை அடுத்த கொலை வழக்கு விசாரணைக்குக் கூட அழைத்துப் போங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ காக்கி போட்ட பெண் ஒருவர் இருந்தால், அந்த 20 சதவீத எஸ்.ஐ. இடங்களைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று இன்றே கேளுங்கள்.